உயிரிப் பயங்கரவாதம்: முதல் நோயாளியை அடையாளம் காண்பது யார்?

2001 அக்டோபர் 2 அன்று விடியற்காலையில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள ஒரு மருத்துவமனைக்கு 63 வயதான பத்திரிகைப் புகைப்பட ஆசிரியர் ஒருவர் கொண்டுவரப்பட்டார். காய்ச்சல், வாந்தி, பேச்சில் குழப்பம். மூளை உறைக் காய்ச்சலாக இருக்கலாம் என்று தண்டுவட நீரை எடுத்துச் சோதித்தார்கள். தொற்றுநோய் மருத்துவர் லாரி புஷ் நுண்ணோக்கியில் பார்த்தபோது, சாயம் ஏறி ஊதாவாகத் தெரிந்த பருத்த கோல் வடிவ பாக்டீரியாக்கள் சங்கிலி சங்கிலியாகக் கிடந்தன. வழக்கமாக அந்தக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகள் அப்படி இருப்பதில்லை. ஆந்த்ராக்ஸாக இருக்குமோ என்று ஐயுற்ற அவர், ஆய்வக முடிவு வரட்டும் என்று காத்திராமல் பொதுச் சுகாதாரத் துறைக்கு உடனே தகவல் சொன்னார். ஜாக்சன்வில்லில் இருந்த மாநில ஆய்வகம் அக்டோபர் 4 அன்று அதை உறுதிசெய்தது. மறுநாள் நோயாளி இறந்தார்.

மூச்சுவழி ஆந்த்ராக்ஸ் அமெரிக்காவில் அதற்கு முன் கடைசியாகப் பதிவானது 1976-இல். கால் நூற்றாண்டாக யாரும் காணாத நோயை ஒரு மருத்துவர் இரண்டே நாளில் பிடித்தார். அதை உறுதிசெய்யும் பயிற்சியும் கருவியும் மாநில ஆய்வகத்தில் ஆயத்தமாக இருந்தன. இத்தகைய நோய்களுக்கென்றே 1999-இல் அமைக்கப்பட்ட ஆய்வக வலையமைப்பில் அதுவும் ஓர் உறுப்பு. உளவுத்துறையின் கண்ணுக்குத் தப்பிய தாக்குதல் ஒரு கண்ணாடிச் சில்லில் வெளிப்பட்டது.

உயிரிப் பயங்கரவாதம் பற்றிய பேச்சில் மர்ம ஆய்வகங்களும் கொடிய வைரஸ்களும்தான் பெரிதாக இடம்பெறுகின்றன. கடந்த அரை நூற்றாண்டில் உண்மையில் நடந்தவற்றை அடுக்கிப் பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. ஒவ்வொரு நிகழ்விலும் எத்தனை உயிர் பிழைத்தது, எவ்வளவு விரைவில் உண்மை தெரிந்தது என்பதை முடிவுசெய்தவை இரண்டு: ஊரின் அன்றாடப் பொதுச் சுகாதார அமைப்பு எவ்வளவு விழிப்பாக இருந்தது என்பதும், அது கண்டறிந்ததை அரசு மறைக்காமல் சொன்னதா என்பதும்.

எந்த நோய்கள், ஏன்?

மக்களைக் கொல்லவோ, முடக்கவோ, அச்சுறுத்தவோ வேண்டுமென்றே நோய்க்கிருமியையோ அதன் நச்சையோ பரப்புவதுதான் உயிரிப் பயங்கரவாதம். மனிதரோடு பயிரும் கால்நடையும்கூட இலக்காகலாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆபத்து மிக்கவை என்று முதல் வரிசையில் வைத்திருப்பவை ஆறு: ஆந்த்ராக்ஸ், பிளேக், பெரியம்மை, பாட்டுலிசம், துலரேமியா, எபோலா போன்ற ரத்தக்கசிவுக் காய்ச்சல்கள். எளிதில் பரவுவது, அதிக உயிர்ச்சேதம், பொதுமக்களிடையே பீதி, சமாளிக்கத் தனி ஆயத்தம் தேவைப்படுவது ஆகிய நான்கும் இந்த வரிசையின் அளவுகோல்கள்.

இவை ஆறும் ஒன்றுபோல் நடப்பவை அல்ல. தமிழகக் கிராமங்களில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வரும் 'அடைப்பான்' நோய்தான் ஆந்த்ராக்ஸ். அதன் கிருமி வித்து வடிவில் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தோல் வழியே வந்தால் நடுவில் கறுத்த புண்ணாகத் தெரியும். சிகிச்சையில் பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள். மூச்சுவழி வந்தால் முதலில் சாதாரணச் சளிக்காய்ச்சல் போலிருந்து, பிறகு சட்டென்று உயிருக்கு உலை வைக்கும். ஆனால் மூச்சுவழி ஆந்த்ராக்ஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. நுரையீரல் பிளேக் தொற்றும். அறிகுறி தோன்றி 24 மணி நேரத்துக்குள் ஆண்டிபயாடிக் கொடுத்தாக வேண்டும். பெரியம்மையும் தொற்றும், தாக்கியவர்களில் நூற்றுக்கு 30 பேரைக் கொன்ற நோய் அது. பாட்டுலிசம் கிருமியால் உண்டாகும் நச்சின் வேலை. கண்ணிமை தொங்குவது, பார்வை இரண்டாகத் தெரிவது, நாக்குக் குழறுவது என்று தலையில் தொடங்கும் வாதம் கீழ்நோக்கி இறங்கி மூச்சுத் தசைகளை முடக்கும். உரிய நேரத்தில் மாற்று மருந்தும் செயற்கைச் சுவாசமும் கிடைத்தால் நோயாளி பிழைப்பார்.

வெடிகுண்டு வெடித்த இடமும் நேரமும் உடனே தெரியும். கிருமி வெளியான இடத்தில் அன்று எதுவும் நடந்திருக்காது. சில நாளோ சில வாரமோ கழித்து, தொடர்பில்லாத ஊர்களில், தொடர்பில்லாத மருத்துவமனைகளில் ஆளுக்கொருவராகக் காய்ச்சலோடு வருவார்கள். அந்தப் புள்ளிகளை யாராவது இணைத்துப் பார்த்தால்தான் தாக்குதல் நடந்ததே தெரியவரும்.

ஓராண்டு மறைந்திருந்த குற்றம்

1984 செப்டம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள தி டால்ஸ் என்ற சிற்றூரில் மக்களுக்குக் கூட்டங்கூட்டமாக வயிற்றுப்போக்கு கண்டது. பத்து உணவகங்களில் சாப்பிட்டவர்கள், மொத்தம் 751 பேர், சால்மொனெல்லா கிருமியால் பாதிக்கப்பட்டார்கள். 45 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நல்லவேளையாக யாரும் இறக்கவில்லை. சுகாதாரத் துறையினர் துப்புரவாக ஆராய்ந்தார்கள். நோய், சாலட் வைத்திருந்த மேசைகளோடு தொடர்புடையது என்பதையும் கண்டார்கள். ஆனால் உணவைக் கையாண்ட ஊழியர்களின் சுத்தக் குறைவே காரணம் என்ற முடிவுக்குத்தான் அவர்களால் வர முடிந்தது.

உண்மையான காரணம் பக்கத்திலேயே இருந்தது. பின்னாளில் ஓஷோ என்று அறியப்பட்ட ரஜ்னீஷின் ஆசிரமம் அந்த மாவட்டத்தில் ஒரு நகரத்தையே எழுப்பியிருந்தது. நவம்பரில் நடக்கவிருந்த மாவட்டத் தேர்தலில் தங்கள் ஆட்களை வெல்ல வைக்க, உள்ளூர் வாக்காளர்களைப் படுக்கையில் கிடத்துவதுதான் ஆசிரம நிர்வாகிகளின் திட்டம். அவர்கள் செய்து பார்த்த ஒத்திகையே இந்த நோய்ப்பரவல். ஆசிரமத்தார்மீது நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் 1985 தொடக்கத்திலேயே வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டியபோது அதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. 1985 செப்டம்பரில் ரஜ்னீஷே தம் செயலாளராக இருந்த மா ஆனந்த் ஷீலாமீது பகிரங்கமாகப் பழிசுமத்திய பிறகுதான் புலனாய்வாளர்கள் உள்ளே நுழைந்தார்கள். அங்கிருந்த ஆய்வகத்தில் அதே வகைக் கிருமி கிடைத்தது.

நல்ல சுகாதார அமைப்பு இருந்த நாட்டிலேயே ஒரு தாக்குதல் ஓராண்டுக் காலம் சாதாரண உணவு நஞ்சேற்றமாகக் கணக்கில் இருந்தது. அதற்காக அந்த ஆய்வாளர்களைக் குறை சொல்ல முடியாது. உலகில் நோய்ப்பரவல்களில் ஆகப் பெரும்பாலானவை இயற்கையானவையே. ஆனால் அவர்கள் பாதுகாத்து வைத்த கிருமி மாதிரிகளும் எழுதிவைத்த விவரங்களும் இல்லாதிருந்தால், குற்றவாளிகளின் ஆய்வகத்தில் கிடைத்த கிருமியை ஒப்பிட்டுப் பார்க்கவே வழி இருந்திராது.

ஸ்வெர்த்லோவ்ஸ்க்: மறைத்ததன் விலை

சோவியத் ரஷ்யாவின் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரில் 1979 ஏப்ரலில் நடந்ததைப் பயங்கரவாதம் என்று சொல்ல முடியாது. அது ஒரு ராணுவ வளாகத்தில் நேர்ந்த விபத்து. இருந்தாலும் இந்தப் பொருளைப் படிக்கும் எவரும் இதைக் கடந்து போக முடியாது.

அம்மாதம் அந்நகரில் மக்கள் திடீர் திடீரென்று இறந்தார்கள். பிணக்கூறாய்வு செய்த மருத்துவர் ஃபைனா அப்ரமோவா, ஓர் உடலில் மூளையைச் சுற்றிச் சிவப்புத் தொப்பி கவிழ்த்தாற்போல் ரத்தம் படர்ந்திருப்பதைக் கண்டு ஆந்த்ராக்ஸை அடையாளம் கண்டார். நோயுள்ள மாட்டிறைச்சியைத் தின்றதால் வந்தது என்று அரசு அறிவித்தது. மருத்துவமனைப் பதிவேடுகளை உளவு அமைப்பான கேஜிபி எடுத்துக்கொண்டு போனது. அப்ரமோவாவும் அவருடைய சக மருத்துவர் லெவ் கிரின்பெர்க்கும் திசு மாதிரிகளையும் குறிப்புகளையும் ரகசியமாகக் காப்பாற்றி வைத்தார்கள்.

சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு, 1992-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ மெசல்சன் தலைமையில் ஒரு குழு அங்கு சென்றது. சமூகவியலாளர் ஜீன் கில்லமின், இறந்தவர்களின் வீடு வீடாகச் சென்று குடும்பத்தாரைக் கேட்டார்: ஏப்ரல் முதல் வாரத்தில், பகல் வேளையில் அவர் எங்கே இருந்தார்? கிடைத்த விடைகளை வரைபடத்தில் குறித்தபோது, ராணுவ வளாகத்திலிருந்து தென்கிழக்கு நோக்கி நகர எல்லை வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு நீளும் ஒரு குறுகிய பட்டைக்குள் பெரும்பாலோர் அடங்கினார்கள். அதே கோட்டில் மேலும் தொலைவில், 50 கிலோமீட்டர் வரை, கிராமங்களில் கால்நடைகள் இறந்திருந்தன. ஏப்ரல் 2 அன்று காற்று வீசிய திசை அதுதான். காப்பாற்றி வைத்த திசுக்களில் மார்புக்கூட்டு நிணநீர்க் கணுக்கள் சிதைந்திருந்தது, கிருமி மூச்சுவழியே நுழைந்ததற்குச் சான்றானது. குறைந்தது 66 பேர் இறந்ததை 1994-இல் வெளியான ஆய்வறிக்கை நிறுவியது. விபத்து நடந்தபோது அப்பகுதியின் கட்சித் தலைவராக இருந்தவர் போரிஸ் யெல்ட்சின். ராணுவமே காரணம் என்று ரஷ்ய அதிபராக 1992-இல் ஒப்புக்கொண்டவரும் அவரே.

சிலர் கிருமியைச் சுவாசித்துப் பல வாரங்கள் கழித்துத்தான் நோயுற்றார்கள். வளாகத்திலிருந்து எது, எப்போது, எந்தத் திசையில் வெளியேறியது என்று அன்றே சொல்லியிருந்தால், அந்தப் பட்டைக்குள் வாழ்ந்தவர்களுக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்திருக்கலாம். அந்த வாய்ப்பைப் பறித்தது கிருமி அல்ல, அரசின் பொய்.

கடிதங்கள்: 2001

ஃபுளோரிடாவின் முதல் நோயாளிக்குப் பிறகு விவரங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஆந்த்ராக்ஸ் தூள் அடங்கிய கடிதங்கள் நியூஜெர்சியிலிருந்து செய்தி நிறுவனங்களுக்கும் இரண்டு செனட் உறுப்பினர்களுக்கும் அஞ்சலில் அனுப்பப்பட்டிருந்தன. மொத்தம் 22 பேர் நோயுற்றார்கள். 5 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 10,000 பேர் 60 நாள் தொடர்ந்து ஆண்டிபயாடிக் சாப்பிட அறிவுறுத்தப்பட்டார்கள்.

இதில் நெஞ்சை உறுத்தும் ஒரு பகுதி உண்டு. அக்டோபர் 15 அன்று செனட் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கப்பட்டவுடன் அங்கிருந்த ஊழியர்களுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. அந்தக் கடிதம் கடந்து வந்த வாஷிங்டன் பிரென்ட்வுட் அஞ்சல் பிரிப்பு நிலையத்தில் வேலை தொடர்ந்து நடந்தது. ஒட்டிய உறையிலிருந்து தூள் வெளியேறாது என்பது அப்போதைய கணிப்பு. பிரிப்பு இயந்திரங்களின் அழுத்தத்தில் அது வெளியேறியது. அக்டோபர் 21 அன்றுதான் நிலையம் மூடப்பட்டது. அன்று காலை ஊழியர் ஒருவர் அவசர உதவி எண்ணுக்குத் தாமே பேசி, தமக்கு ஆந்த்ராக்ஸ் வந்திருக்கலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். சில மணி நேரத்தில் அவர் இறந்தார். சக ஊழியர் ஒருவர் மறுநாள் இறந்தார். நாடாளுமன்றத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒரு நீதி, அஞ்சல் மூட்டை பிரித்தவர்களுக்கு ஒரு நீதியா என்று அந்த ஊழியர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆபத்துக் காலத்தில் யார் முதலில் நினைவுக்கு வருகிறார்கள், யார் விடுபட்டுப் போகிறார்கள் என்பதும் பொதுச் சுகாதாரத்தின் பகுதியே.

அனுப்பியவர் அமெரிக்க ராணுவத்தின் ஃபோர்ட் டெட்ரிக் ஆய்வகத்தில் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி ஆராய்ச்சி செய்த புரூஸ் ஐவின்ஸ் என்று மத்தியப் புலனாய்வு அமைப்பு முடிவுகட்டியது. வழக்குத் தொடரப்படுமுன் 2008-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அறிவியல் சான்றை மட்டும் வைத்துக் கிருமியின் மூலத்தை உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2011-இல் கூறியது. அதற்கு முன் வேறொரு விஞ்ஞானி பல ஆண்டுகள் தவறாகச் சந்தேகிக்கப்பட்டு, அரசு அவருக்கு இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. கிருமித் தாக்குதலில் 'யார் செய்தது' என்ற கேள்விக்கு விடை காண்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இது பாடம்.

பெரியம்மையும் பூட்டிய பெட்டிகளும்

மனித முயற்சியால் உலகிலிருந்து ஒழிக்கப்பட்ட ஒரே மனித நோய் பெரியம்மை. இந்தியாவில் அது 1975-இல் முடிவுக்கு வந்தது. 1980-இல் உலகச் சுகாதாரச் சபை உலகளாவிய ஒழிப்பை அறிவித்தது. அதற்கு இரண்டாண்டு முன்பு, 1978-இல், இங்கிலாந்தின் பர்மிங்காம் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்த பெண் ஒருவர் பெரியம்மையால் இறந்தார். அவர் பணியிடத்துக்குக் கீழ்த்தளத்தில் அந்த வைரஸை ஆராயும் ஆய்வகம் இருந்தது. உலகின் கடைசிப் பெரியம்மை மரணம் ஆய்வகத்திலிருந்து வந்தது.

இன்று அந்த வைரஸ் அதிகாரபூர்வமாக இரண்டு இடங்களில் மட்டும் உள்ளது: அமெரிக்காவின் அட்லாண்டா, ரஷ்யாவின் கோல்ட்சோவோ. ஆனாலும் 2014-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவன வளாகத்தின் குளிர் அறையொன்றில், 1950-களைச் சேர்ந்த பெரியம்மைக் குப்பிகள் யாருக்கும் நினைவில்லாமல் கிடந்தது தெரியவந்தது. போதாக்குறைக்கு, 2002-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் போலியோ வைரஸை அதன் மரபுவரிசைத் தகவலிலிருந்தே உருவாக்கிக் காட்டினார்கள். ஆகவே, உறைபெட்டியைப் பூட்டுவதோடு கடமை முடியாது. மரபணுத் துண்டுகளைச் செய்து விற்கும் நிறுவனங்கள், வாங்குபவர் யார், கேட்கப்படும் வரிசை எது என்று சரிபார்ப்பதை எல்லா நாடுகளும் சட்டமாக்க வேண்டும். 

பல்லில்லாத ஒப்பந்தம்

உயிரி ஆயுதங்களை உருவாக்குவதையும் சேர்த்து வைப்பதையும் தடைசெய்யும் உலக ஒப்பந்தம் 1972-இல் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டு 1975-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1974-இலேயே ஏற்புறுதி அளித்தது. இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பினர்கள். ஆனால் ஒரு நாடு சொன்னபடி நடக்கிறதா என்று போய்ப் பார்க்கும் அதிகாரம் அதில் யாருக்கும் கிடையாது. ஒப்பந்தத்தின் காப்பாளர்களில் ஒன்றான சோவியத் ஒன்றியமே, கையெழுத்திட்ட பிறகு 'பயோபிரெபராத்' என்ற பெயரில் மாபெரும் ரகசியத் திட்டத்தை வளர்த்தது. சோதனை முறைக்கான பேச்சுவார்த்தை 2001-இல் அமெரிக்காவின் மறுப்பால் முறிந்தது. வேதி ஆயுதத் தடைக்கு ஆய்வாளர்களோடு கூடிய பெரிய அமைப்பு தி ஹேக் நகரில் இயங்குகிறது. உயிரி ஆயுத ஒப்பந்தத்துக்கு ஜெனீவாவில் விரல்விட்டு எண்ணத்தக்க ஊழியர்களே உண்டு. இது மாறியாக வேண்டும்.

சூரத்திலிருந்து வேலூர் வரை

1994 செப்டம்பரில் சூரத் நகரில் நுரையீரல் பிளேக் தோன்றியது. ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் சில நாளுக்குள் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள், பல நாடுகள் இந்தியாவுக்கான விமானங்களை நிறுத்தின, ஏற்றுமதி முடங்கியது. குணப்படுத்தத்தக்க நோயின் முன் ஒரு பெரிய நாடு நிலைகுலைந்ததற்குக் காரணம், நோயைத் தொடக்கத்தில் பிடிக்கும் அமைப்பும், நம்பகமான தகவலை உடனே சொல்லும் அமைப்பும் இல்லாததுதான். 

அந்த அமைப்புக்கு ஒரு முன்மாதிரி அப்போதே தமிழ்நாட்டில் இருந்தது. வட ஆற்காடு மாவட்டத்தில் 1980-களில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் இயல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் தலைமையில் ஒரு நோய்க் கண்காணிப்பு முறை தொடங்கப்பட்டது. அதன் கருவி அஞ்சலட்டை. அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் எவரானாலும், குறிப்பிட்ட நோய்களில் ஒன்றைக் கண்டால், அல்லது ஐயுற்றால்கூட, அச்சிட்ட அட்டையில் நிரப்பி அஞ்சலில் சேர்த்துவிடுவார்கள். தகவல் மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்குப் போகும். தொகுத்த செய்தி மாதந்தோறும் இதழாக அந்த மருத்துவர்களுக்கே திரும்பி வரும். தாம் அனுப்பிய அட்டைக்குப் பயன் இருக்கிறது என்று கண்டதால் அவர்கள் தொடர்ந்து அனுப்பினார்கள். அடைப்பான் நோய் மனிதருக்கு வந்ததை அந்தப் பகுதியிலிருந்து மருத்துவ ஏடுகளில் பதிவுசெய்தவர்களும் வேலூர் மருத்துவர்களே. நாடு முழுமைக்குமான ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல்தான் வந்தது.

விழிப்புள்ள மருத்துவர் எவ்வளவு பெரிய அரண் என்பதை 2018 மே மாதத்தில் கோழிக்கோட்டில் கண்டோம். ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆளும் அதே அறிகுறிகளோடு வந்ததைக் கவனித்த மருத்துவர்கள், வழக்கமான மூளைக்காய்ச்சல் என்று விட்டுவிடாமல் மாதிரியை ஆய்வுக்கு அனுப்பினார்கள். நிபா என்று தெரிந்தது. 17 உயிர்கள் போயின. ஆனால் தொடர்பில் இருந்தவர்களைத் தேடித் தனிமைப்படுத்தியதால் பரவல் சில வாரங்களில் நின்றது. அது இயற்கையாக வந்த நோய். யாரேனும் வேண்டுமென்றே பரப்பியிருந்தாலும் செய்ய வேண்டிய வேலை இதேதான்.

நாம் செய்ய வேண்டியது

இந்தியாவில் பேரழிவு ஆயுதங்களைத் தடுக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் உயிரியல் பேரிடருக்கான வழிகாட்டுதலை 2008-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டுக்கு 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும், தனிப் பொதுச் சுகாதார இயக்ககமும், பெரியம்மைத் தடுப்பு மருந்துப் பணியில் தொடங்கி வளர்ந்த கிண்டி கிங் நிறுவனமும் பெரும் சொத்து. ஆனால் வழிகாட்டுதல் புத்தகம் நோயைக் கண்டுபிடிக்காது. மாவட்ட ஆய்வகத்தில் நுண்ணுயிரியலாளர் பணியிடம் காலியாகக் கிடந்தால், தனியார் மருத்துவமனை தகவல் தராமல் இருந்தால், கால்நடை மருத்துவருக்கும் மனித மருத்துவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாவிட்டால், எவ்வளவு நவீனக் கருவி வாங்கியும் பயனில்லை.

வாசகருக்கும் இதில் பங்குண்டு. திடீரென்று இறந்த மாட்டையோ ஆட்டையோ அறுக்காதீர்கள். கால்நடை மருத்துவரை அழையுங்கள். ஒரே தெருவில் ஒரே மாதிரிக் காய்ச்சல் பலருக்கு வந்தால் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். நோய்ப்பரவல் ஒவ்வொன்றையும் இன்னாரின் சதி என்று சொல்லிக் கைப்பேசியில் வரும் செய்தியை மற்றவருக்கு அனுப்பாதீர்கள். பீதியைப் பரப்புவதுதான் இத்தகைய தாக்குதலின் நோக்கமே. ஆட்சியாளர்களிடம் கேட்க வேண்டியதையும் கேளுங்கள்: நம் மாவட்ட ஆய்வகத்தில் ஆள் இருக்கிறாரா, நோய் விவரங்களை அரசு உள்ளபடி வெளியிடுகிறதா? உயிரிப் பயங்கரவாதத்துக்கு எதிரான நாட்டின் ஆயத்தத்தை இந்த இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையை வைத்தே அளந்துவிடலாம்.